இணையதளத்தின் வேலையை நாம் ஏன் செய்கிறோம்?

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டிபேங்க் ஒரு வட்டித் தொகையை அனுப்ப வேண்டியிருந்தது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அது. ஏறத்தாழ 78 லட்சம் டாலர். வங்கியின் மென்பொருளில் இந்தப் பரிமாற்றத்தைச் சுற்றி வளைத்துத்தான் செய்ய முடியும். முழுக் கடனையும் அடைப்பதுபோலப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அசலை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்புவதற்குத் திரையில் மூன்று கட்டங்களை டிக் செய்ய வேண்டும். ஊழியர் 'அசல்' என்று எழுதியிருந்த கட்டத்தை மட்டும் டிக் செய்தார். திருப்ப வேண்டியது அசலைத்தானே! 'ஃப்ரன்ட்', 'ஃபண்ட்' என்ற மற்ற இரு கட்டங்கள் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

அவர் செய்ததை இன்னொருவர் சரிபார்த்தார். மூன்றாமவர் ஒப்புதல் தந்தார். பணம் வங்கிக்கு வெளியே போகப் போகிறது, தொடரலாமா என்று திரை கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி வெளியே போக வேண்டியதுதான் என்பதால் அந்த எச்சரிக்கை யாரையும் உறுத்தவில்லை. 89 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. அதில் சுமார் 50 கோடி டாலரைச் சிலர் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் அது மாறியது.

இந்தச் சம்பவத்தைப் பல செய்திகள் 'மனிதத் தவறு' என்று எழுதின. அந்த மூவரில் இருவர் இந்தியாவிலிருந்த ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் பழியைச் சுமத்துவதும் சுலபமாக இருந்தது. ஆனால், பயிற்சி பெற்ற மூன்று பேர் ஒரே திரையை அடுத்தடுத்துப் பார்த்து ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், கோளாறைத் திரையில் தேடுவதுதான் நியாயம்.

இந்த நியாயம் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. மகளின் கல்வி உதவித்தொகைக்குக் கைபேசியில் விண்ணப்பிக்கும் ஒருவர், நாலாவது பக்கத்தில் 'தவறான உள்ளீடு' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தால், தனக்குத்தான் படிப்பு போதவில்லை என்று நினைக்கிறார். எந்தக் கட்டத்தில், என்ன தவறு என்று அந்தத் திரை சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

கணினியில் 'வெட்டு, நகலெடு, ஒட்டு' என்ற வசதியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை பார்த்தவர், 2020-இல் மறைந்தார். எந்த வேலையிலும் குறைக்க முடியாத ஒரு சிக்கல் இருக்கும், அதை இல்லாமலாக்க முடியாது, இடம்தான் மாற்ற முடியும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. அந்தச் சிக்கலை மென்பொருளை எழுதுபவர் சுமக்க வேண்டும், அல்லது அதைப் பயன்படுத்துபவர் சுமக்க வேண்டும். ஒரு பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாக உழைத்தால் பல லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சமாகும் என்பது அவருடைய வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 16,000 மணி நேரத்துக்கும் மேல், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள்.

இணையதள வடிவமைப்பில் எளிமை என்றதும் பெரும்பாலும் அழகைப் பற்றியே பேசுகிறோம்: வெள்ளைப் பின்னணி, நிறைய இடைவெளி, மெல்லிய எழுத்து. என் பார்வையில் இது முதலில் வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை. ஒரு தளம் தான் செய்திருக்க வேண்டிய எந்தெந்த வேலையை நம் தலையில் கட்டுகிறது என்று பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும்.

வங்கித் தேர்வுகள் போன்ற வேலைவாய்ப்பு விண்ணப்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். இன்று சாதாரணக் கைபேசியில் எடுக்கும் படமே மூன்று, நான்கு எம்பி வருகிறது. படத்தைச் சுருக்குவது கணினிக்குக் கண் சிமிட்டும் வேலை; தளமே பெரிய படத்தை வாங்கித் தனக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அதைச் செய்யாமல், கேபி என்றால் என்னவென்று தெரியாதவரிடமும் அந்த வேலை தள்ளப்படுகிறது. அவர் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துக் காசு வாங்குகிறார். டெஸ்லர் சொன்ன சிக்கல் இடம் மாறி, கடைசியில் ஒரு கடையின் வருமானமாக நிற்கிறது.

அடுத்தது பெயர். இதில் தமிழர்கள் பட்ட பாட்டை ஒரு தனி நூலாகவே எழுதலாம். தந்தை பெயரின் முதலெழுத்து, அடுத்துத் தன் பெயர், அவ்வளவுதான் நம் வழக்கம். உலகத்தின் பெரும்பாலான படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கிவிட்டன. பான் அட்டை விண்ணப்பத்தில் முதலெழுத்துகளைச் சுருக்கமாக எழுதக் கூடாது. ஒற்றைப் பெயர் கொண்டவர் அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்துடன் இருப்பவர் இன்னோர் ஆவணத்தில் தந்தையின் முழுப் பெயரோடு இருப்பார். இரண்டும் பொருந்தவில்லை என்று மூன்றாவது தளம் நிராகரிக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயராக 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் அதே பெயரோடு வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. எங்கோ ஒரு திரையை வரைந்தவர் தன் ஊர் வழக்கத்தை உலக வழக்கமாக எண்ணிக்கொண்டதன் நீட்சி, விமான நிலையம்வரை வந்து நிற்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, உலகின் பெயர் வழக்கங்களைப் பற்றி வடிவமைப்பாளர்களுக்காகவே விரிவான கட்டுரை ஒன்றை வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்புக் கையேடு, எல்லோருடைய பெயரும் இரண்டு கட்டங்களில் அடங்காது என்று எச்சரித்து, முழுப் பெயருக்கு ஒற்றைக் கட்டம் வைக்கும் வழியைக் காட்டுகிறது.

பிரிட்டனின் அனுபவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2010-இல் தொழில்முனைவர் மார்த்தா லேன் ஃபாக்ஸ் தந்த பரிந்துரைகளை ஒட்டி, அடுத்த ஆண்டு அரசுக்குள்ளேயே ஒரு மின்சேவைக் குழு உருவானது. வெளியே டெண்டர் விட்டு வாங்காமல், நிரலர்களையும் வடிவமைப்பாளர்களையும் எழுத்தாளர்களையும் அரசே வேலைக்கு அமர்த்தியது. 2012 அக்டோபரில் பழைய பெருந்தளங்களுக்குப் பதிலாக 'கவ்.யுகே' வந்தது. மறு ஆண்டு, லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டுச் சிறந்த வடிவமைப்பு விருதையும் வாங்கியது. விருது கிடைத்தபோது பலருக்கு வியப்பு. அந்தத் தளத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. எழுத்துரு, பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக மார்கரெட் கால்வெர்ட்டும் ஜாக் கின்னியரும் வரைந்ததன் புதிய வடிவம். அடுத்த அரசு விடுமுறை என்றைக்கு என்று தேடிப் போனால் அந்தத் தேதி பெரிய எழுத்தில் தனியாக நிற்கும். அமைச்சரின் சிரிக்கும் படம் அங்கே இருக்காது. (நம் ஊர்த் தளங்களில் விண்ணப்பிக்கும் பொத்தானைவிட அந்தப் படத்துக்குத்தான் இடம் அதிகம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

வெளிப்பார்வைக்குத் தெரியாத உழைப்பு சின்ன இடங்களில் இருக்கிறது. பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். நமக்குப் பழக்கமானது நாள்காட்டி திறக்கும் கட்டம்: இந்த மாதம் திறக்கும், 1957-இல் பிறந்தவர் பின்னோக்கி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அல்லது ஆண்டுகளின் நீண்ட பட்டியல்; விரல் வழுக்கினால் 1956 ஆகிவிடும். பிரிட்டிஷ் குழு மக்களை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, நாள், மாதம், ஆண்டு என மூன்று வெறும் கட்டங்களுக்கு வந்தது. தெரிந்த தேதியை எண்களில் அடித்துவிடலாம். நாள்காட்டி, வரப்போகும் தேதியைத் தேர்ந்தெடுக்க மட்டும். அதேபோல் ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி. 40 கேள்விகளை ஒரே பக்கத்தில் கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். சிறிய திரையில், நடுவில் போன் வந்து, மறுபடி வந்து பார்ப்பவருக்கு அது எங்கே விட்டோம் என்று தெரியாத காடு. ஒவ்வொன்றாகக் கேட்டால், முந்தைய பதிலை வைத்துத் தேவையற்ற கேள்விகளைத் தளமே தாண்டிப் போகவும் முடியும். பக்கங்கள் கூடும், யோசனை குறையும்.

இங்கே ஒரு போலி எளிமையைப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் மூன்று கோடுகள் போட்ட ஒரு பொத்தானுக்குள் ஒளித்து வைப்பது, பெயரில்லாத சின்னங்களை வரிசையாக அடுக்குவது, வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைமேல் தெளிப்பது, எது பொத்தான் எது வெறும் எழுத்து என்று தெரியாதபடி தட்டையாக்குவது. இவை வடிவமைப்பாளரின் திரையில் அழகாக இருக்கும். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ரயில் அட்டவணைப் பக்கம் நெருக்கமாக இருப்பதில் தவறில்லை. தேவையான நெருக்கம் அது. பணம் அனுப்பும் திரையில் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பதும், பெறுபவர் பெயரைக் காட்டி நிறுத்துவதும் நல்லதே. நம்மைத் தாமதப்படுத்துவது எல்லாமே குறை ஆகாது. நமக்காகத் தாமதப்படுத்துகிறதா, தன் சோம்பலுக்காகவா என்பதுதான் கேள்வி. சந்தாவில் சேர ஒரு தட்டல், விலக ஒன்பது பக்கம் என்று வைக்கும் வணிகத் தளங்களுக்குச் சோம்பலும் காரணமில்லை, வேண்டுமென்றே செய்வது. வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் இத்தகைய தந்திரங்களைத் தொகுக்கத் தொடங்கினார்; 2023 நவம்பரில் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது.

தரங்களுக்குப் பஞ்சமே இல்லை. பயன்பாட்டு எளிமைக்கு 1998-லேயே ஐஎஸ்ஓ 9241-இன் 11-ஆம் பகுதி இலக்கணம் சொன்னது: நினைத்த காரியம் முடிகிறதா, எவ்வளவு முயற்சியில், மனநிறைவோடு முடிகிறதா. 1999-இல் டபிள்யூ3சியின் அணுகல் நெறிமுறைகள் வந்தன. கடைசிப் பதிப்பான 2.2, 2023 அக்டோபரில் வெளியானது. அதில் இருப்பவை மிகத் தரைமட்டமான விஷயங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். விரலால் தொடும் இலக்கு 24 பிக்சல் அகலமும் உயரமுமாவது இருக்க வேண்டும். ஒரு முறை தந்த தகவலை அதே வேலையில் மறுபடி கேட்கக் கூடாது. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். படிவத்தை முக்கால்வாசி நிரப்பிய பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் பக்கத்துக்குத் தூக்கி எறியும் தளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

இந்தியாவிலும் நெறிமுறை உண்டு. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009-இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023-இல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே மின்னணுச் சேவைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்றது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 17802 என்ற தரத்தையும் வகுத்துவிட்டது. இவ்வளவும் இருந்தும், 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது: அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் சட்டத்தின் நோக்கமே நிறைவேறாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு. வங்கி, சிம் கார்டு போன்றவற்றுக்கான இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சோதனையில், உயிருள்ளவர்தானா என்று அறியக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் கண்களை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் மின்னணு அணுகலும் அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. திரையில் ஒரு கட்டளையை எழுதிய யாரோ ஒருவர், எல்லோருக்கும் இமை இருக்கும் என்று நினைத்துவிட்டார். அதைத் திருத்த உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

தமிழ்த் திரைகளுக்கென்று தனிப் பிரச்சினைகளும் உண்டு. ஆங்கில எழுத்துக்காகப் போட்ட வரி உயரத்தில் தமிழை அடைத்தால், மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் வெட்டுப்படும். ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது. 'ண', 'ன' இரண்டும் ஒன்றுபோலக் கசங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. பாதிச் சொல்லோடு நிற்கும். மேலே 'தமிழ்' என்பதைத் தட்டினால் தலைப்புகள் தமிழாகும். பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்திலேயே வரும். உதவி மிகத் தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் மொழி கைவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்த பிடிஎஃப் கோப்புகளும் ஸ்கேன் செய்த ஆணைகளும் தளங்களில் கிடக்கின்றன; தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் திரை வாசிப்பான் அவற்றை உளறலாகப் படிக்கும், அல்லது மௌனமாகத் தாண்டிவிடும்.

இதையெல்லாம் கேட்டால் வரும் முதல் பதில் 'பாதுகாப்பு'. கேப்ச்சா பாதுகாப்புக்காக, 90 நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல் மாற்றுவது பாதுகாப்புக்காக, கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுப்பது பாதுகாப்புக்காக. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள், அல்லது தாளில் எழுதி ஒட்டி வைப்பார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமும் ஒட்டுவதைத் தடுக்காதீர்கள் என்றது. நம் ஊரில் விளைவு இன்னும் மோசம். கடினமான தளம் மக்களைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்புகிறது. அங்கே ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் கடைக்காரர் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார்; ஓடிபி வந்ததும் வாய்விட்டுச் சொல்கிறோம். பாதுகாப்பின் பெயரால் கட்டிய மதில், சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வைக்கிறது.

அந்தக் கடைக்காரர்கள்மேல் எனக்குக் குறையில்லை. சொல்லப்போனால், பல தளங்களின் உண்மையான இடைமுகம் அவர்கள்தான். எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கக் கூடாது, எத்தனை மணிக்குச் சர்வர் திணறும், எந்தப் பிரவுசரில் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. வடிவமைப்புக் குழுக்கள் ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து, பத்து பிரவுசிங் சென்டர்காரர்களை ஒரு நாள் உட்கார வைத்துப் பேசினால் போதும், பிழைப் பட்டியல் தயாராகிவிடும். ஆனால், அவர்களுடைய திறமை ஒரு தீங்கையும் செய்கிறது: தோல்வியை மறைத்துவிடுகிறது. பட்டியலில் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் ஏறுகின்றன. திட்டம் வெற்றி என்று அறிக்கை போகிறது.

ஏன் மாறவில்லை என்றால், ஒப்பந்தத்தில் கேட்கப்படாத எதையும் யாரும் தருவதில்லை. தளம் எத்தனை பேரைத் தாங்கும், எந்தத் தேதிக்குள் முடியும், எத்தனை அம்சங்கள் என்று டெண்டரில் இருக்கும். எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் உதவியில்லாமல் இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று இருக்காது. அப்படி ஒரு வரி இருந்து, கடைசித் தவணைப் பணம் அதைப் பொறுத்து என்றால், நிறுவனங்கள் தாமாகவே மக்களைத் தேடிப் போகும். இதற்குப் பெரும் செலவும் இல்லை. ஐந்து பேரை உட்கார வைத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேகப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஐந்தா பதினைந்தா என்பது அங்கே வழக்கு. நம் தளங்கள் பலவற்றில் ஒருவரையாவது உட்கார வைத்தார்களா என்பதே கேள்வி.

பிரிட்டிஷ் குழு ஒவ்வொரு சேவைக்கும் நான்கு அளவுகளை வெளியிடச் சொன்னது: ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் செலவு, பயனாளரின் திருப்தி, தொடங்கியவர்களில் முடித்தவர்கள் எத்தனை பேர், இணையவழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர். இங்கே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: தானே விண்ணப்பித்தவர் எத்தனை பேர், பிறர் கையால் விண்ணப்பித்தவர் எத்தனை பேர். தமிழ்நாட்டின் இ-சேவையில் மைய ஊழியருக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனி லாகின் இருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ போன மாதம் எந்த லாகின் வழியாக எத்தனை விண்ணப்பம் வந்தது என்பதை மாவட்டவாரியாக எடுக்க ஒருவருக்கு அரை நாள் வேலை. தகவல் தொழில்நுட்பத் துறை முதலில் அதை வெளியிடட்டும்.